ஓர் அறைக்கு மட்டும் சூடு

ஹாலிஃபாக்ஸ், இங்கிலாந்து
10 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

பல்லவி சேவித்து எழுதுவது. ஃபோனில் நீங்கள் சொன்னபடி கடிதமாகவே எழுதுகிறேன். அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் மாமியாரும் மருமகளுமாக நாம் சாப்பாட்டையும் மழையையும் தவிர எதையும் பேசுவதில்லை. அப்பாவுக்கும் உங்கள் பிள்ளை அச்யுத்துக்கும் தமிழ் பேச வருகிறதே தவிர, எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த நீங்களும் மாம்பலத்திலிருந்து வந்த நானும்தான் குடும்பத்தில் தமிழ் படிக்கிறவர்கள். அதனால் இது நம் இருவரோடு நிற்கும்.

இங்கே குளிர் முன்னதாகவே வந்துவிட்டது. எங்கள் வீடு கருங்கல் வீடு, நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. சமையலறைச் சுவரில் பாய்லர் என்று ஒரு பெட்டி உண்டு. அது தண்ணீரைச் சுடவைத்து ஒவ்வொரு அறையிலும் இருக்கும் இரும்புப் பட்டைகளுக்கு அனுப்பும், வீடு சூடாகும். அது அக்டோபரில் நின்றுவிட்டது. ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஹீட்டரை வாங்கி மாடியில் பின்பக்கத்து அறையில் வைத்திருக்கிறேன். கட்டில், மேஜை, துணிமணி எல்லாம் இப்போது அங்கேதான். பெருமாளையும் அங்கேயே எழுந்தருளப் பண்ணிவிட்டேன். மற்ற அறைகளைச் சாத்தி, கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்தாயிற்று.

சமைக்கும்போது கோட்டைப் போட்டுக்கொள்கிறேன். மூச்சு விட்டால் புகை வருகிறது. நெய்யைக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. குளிப்பதற்குக் கெட்டிலில் கொதிக்கவைத்து வாளியில் விளாவிக்கொள்கிறேன். பழகிவிட்டது. தயிர் மட்டும் உறைய மாட்டேன் என்கிறது.

அவருக்கு வேலை அதிகம். மான்செஸ்டருக்குப் போய் வருகிறார். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

உங்கள் நாட்டுப்பெண்
பல்லவி

*

விஜயநகர், மைசூரு
27 நவம்பர் 2024

சௌ. பல்லவிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்க வேண்டும். உன் மாமனாரின் இருமலை விட்டுவிட்டால் சௌக்கியம்தான்.

தயிருக்குப் பாலை நன்றாகவே சூடாக ஊற்று. கை பொறுக்கும் சூடு என்பது மைசூர்க் கணக்கு, உன் ஊருக்குப் போதாது. பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றிப் படுக்கைக்குள் வைத்துவிடு. உறையும்.

இங்கேயும் காலையில் தரையில் கால் வைக்க முடியவில்லை. மைசூரில் யார் வீட்டிலும் ஹீட்டர் கிடையாது, வெயில் வரும்வரை எல்லோரும் நடுங்கிக்கொண்டு இருப்போம், அவ்வளவுதான். மேகம் மூடினால் சோலாரில் வெந்நீர் வருவதில்லை. இவர் குல்லாவும் மஃப்ளருமாக மொட்டை மாடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். மார்க்கெட்டில் அவரைக்காய் வந்துவிட்டது. கொட்டையை உரித்துப் பிதுக்கிக் கொடுக்க ஆள் இல்லாததால் வாங்கவில்லை.

சதாபிஷேகத்துக்கு மாசியில் நாள் குறித்தாயிற்று. உன் மாமனாருக்கு எண்பது ஆகிவிட்டது என்று எனக்கே நம்ப முடியவில்லை. நம் விஜயநகரிலேயே இரண்டாவது ஸ்டேஜ் பகுதியில் ஒரு சத்திரம் பேசியிருக்கிறது. நீ பத்து நாள் முன்னதாக வந்துவிடு. ஒன்பது கஜப் புடவை கட்டத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. எனக்கும் நீ பக்கத்தில் இல்லாவிட்டால் கை ஓடாது.

ஒன்று கேட்கிறேன். இன்ஜினியர் வீட்டில் ஒரு பாய்லரை இத்தனை நாள் ரிப்பேர் பண்ண முடியாதா? ஞாயிற்றுக்கிழமை அச்யுத்திடமே கேட்டேன். "நடக்கறது மா, ஆள் வரணும்" என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

ஹாலிஃபாக்ஸ்
12 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தயிர் உறைந்தது.

பனி விழுந்திருக்கிறது. மூன்றரை மணிக்கு இருட்டிவிடுகிறது. துவைத்த துணி நாலு நாளானாலும் ஈரமாகவே இருக்கிறது. முன்பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூத்திருக்கிறது. துடைத்தால் போய்விட்டு மறுபடி வருகிறது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லேபில் நல்ல சூடு இருப்பதால் வேலை முடிந்தாலும் உடனே கிளம்புவதில்லை. யாருக்காவது சாம்பிள் அதிகம் இருந்தால் நான் செய்கிறேன் என்று வாங்கிக்கொள்கிறேன். எல்லோரும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாய்லர் கம்பெனிக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிக்கெட் பார்க்க வேண்டும்.

பல்லவி

*

விஜயநகர், மைசூரு
27 டிசம்பர் 2024

சௌ. பல்லவிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் நேற்று வந்தது. சுருக்கமாக இருந்தது. நானும் சுருக்கமாகவே கேட்டுவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அச்யுத் வீடியோவில் வந்தான். கையில்லாத பனியனோடு உட்கார்ந்திருந்தான். பின்னால் வெள்ளைச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். நீ எங்கே என்று கேட்டேன். குளிக்கிறாள் என்றான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் நீ குளித்துக்கொண்டுதான் இருந்தாய்.

மூச்சு விட்டால் புகை வருகிற வீட்டில் ஒருத்தன் பனியனோடு எப்படி உட்காருவான்? கருங்கல் வீட்டில் அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது? உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "வைத்திருக்கிறேன்", "போட்டுக்கொள்கிறேன்", "விளாவிக்கொள்கிறேன்" என்று எல்லாம் ஒருமையில் இருக்கிறது. கட்டிலைக்கூட நீயே இழுத்துப் போட்ட மாதிரிதான் இருக்கிறது.

உன் மாமனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ எனக்குச் சமாதானம் எழுத வேண்டாம். நடந்ததை எழுது.

அம்மா

*

ஹாலிஃபாக்ஸ்
9 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நினைத்தது சரி. ஆகஸ்ட் கடைசியில் அவர் மான்செஸ்டருக்குப் போய்விட்டார். கூட வேலை செய்கிற ஒரு பெண்ணின் வீடு அது. நீங்கள் பார்த்த வெள்ளைச் சுவர் அங்கே. தரைக்கு அடியிலேயே சூடு வருகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்களாம். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காபி குடித்துக்கொண்டே சொன்னார், நான் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பது வருஷக் கல்யாணம் இவ்வளவு சத்தமில்லாமல் முடியும் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சதாபிஷேகம் முடிகிறவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வந்து, ஒன்பது கஜம் கட்டி, அவர் பக்கத்தில் நின்று, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதாக ஒத்துக்கொண்டேன்.

பாய்லர் விஷயம் இதுதான். ரிப்பேர் காண்ட்ராக்ட் அவர் பெயரில் இருக்கிறது. அவர்தான் கூப்பிட வேண்டும், நான் பேசினால் கம்பெனிக்காரர்கள் கேட்பதில்லை. அவருக்கு எழுதினால் "பார்க்கிறேன்" என்று பதில் வரும். வெளியாளைக் கொண்டு செய்திருக்கலாம். அடித்துப் பேசியும் செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பாய்லர் கெட்டிருக்கிறவரை அவருக்கு எழுத எனக்கு ஒரு காரணம் இருந்தது.

புது வருஷம் பிறந்ததும் உறைபனி. போன வியாழக்கிழமை மத்தியானம் வேலையிலிருந்து வந்தால் மாடிப்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பரணில் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. முன்பக்கத்துப் படுக்கையறையின் உட்கூரை பெயர்ந்து, அங்கேயே விட்டிருந்த எங்கள் பெரிய கட்டில்மேல் விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயை மூடினார். கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அச்யுத்துக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பெண் எடுத்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அவர் வெளியே போயிருக்கிறார், நான் ஆளை அனுப்புகிறேன் என்றாள். ஒரு மணி நேரத்தில் பிளம்பர் வந்தார், அவள் அனுப்பியவர். அச்யுத் வரவில்லை.

அன்று பக்கத்து வீட்டு சோஃபாவில் படுத்தேன். அது சூடான வீடு. நன்றாகத் தூங்கினேன்.

இவ்வளவுதான். அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். நான் கொடுத்த வாக்கு அவருக்குக் கொடுத்தது, அதை உங்களிடம் மீறிவிட்டேன்.

பல்லவி

*

விஜயநகர், மைசூரு
23 ஜனவரி 2025

பல்லவிக்கு,

கடிதத்தை மொட்டை மாடியில் படித்தேன். கீழே வந்து எதிர்வீட்டு பசம்மாவின் ஃபோனை வாங்கி அச்யுத்தைக் கூப்பிட்டேன். நம் வீட்டு ஃபோனில் இவர் இருப்பார்.

அவன் முதலில் கேட்டது, "உனக்கு யார் மா சொன்னா?" என்றுதான்.

"நீ போட்டுண்டிருந்த பனியன்" என்றேன்.

 பிறகு என்னென்னவோ சொன்னான், ரொம்ப நாளாகவே சரியாக இல்லை, யார் மேலும் தப்பில்லை என்று. நான் நிறுத்தினேன்.

"நீ அவளை விட்டுட்டுப் போனதைப் பத்தி நான் இன்னும் யோசிக்கலை. யோசிக்க எனக்கு நாள் வேணும். இப்போ பாய்லரை மட்டும் கேக்கறேன். ஒரு ஃபோன் பண்ண உனக்கு மூணு மாசமா கை வரலையா?"

"மறந்து போயிடுத்து மா."

"நீ சூடா இருந்தே. அதான் மறந்துது."

அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் பசம்மா காபி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஃபோனை வைத்துவிட்டேன்.

இவரிடம் மறுநாள் காலையில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மஃப்ளரை எடுத்துக்கொண்டு வாக்கிங் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "பல்லவி ஆத்துல இன்னும் சளிதானா?"

அவர் குளிரைத்தான் சொன்னார். கன்னடத்தில் அதற்கு அதுதான் வார்த்தை. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆமாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தார். "சதாபிஷேகத்துக்கு அவ வர வேண்டாம். நான் எண்பது வயசு வரைக்கும் இருந்தது ஒரு பொய்யைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கவா?" என்றார். அவ்வளவுதான். பிறகு மாத்திரையைச் சாப்பிட்டார், பேப்பர் படித்தார். நாங்கள் எல்லோரும் பயந்ததைவிட அவருடைய இருதயம் கெட்டி.

நீ வந்து நின்றால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், வராதே.

அம்மா

*

ஹாலிஃபாக்ஸ்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பாய்லர் சரியாகிவிட்டது. அவரே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரிப்பேர் நடக்கிறவரை சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். டீ போட்டேன். ஒரே ஆபீசில் வேறு வேறு டிபார்ட்மென்டில் இருப்பவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டோம். போகும்போது, "அம்மா என்னோட சரியா பேச மாட்டேங்கறா" என்றார். நான் டீக் கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

அவர் போன பிறகு சூடு வர ஆரம்பித்தது. குழாய்கள் டக் டக் என்று சத்தம் போட்டன. ஈரம் காயும்போது சுவர்களிலிருந்து ஒரு வாடை வந்தது. நான் துண்டுகளை எடுத்துவிட்டு எல்லாக் கதவுகளையும் திறந்தேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு முன்பக்கத்து அறைக்குள் போனேன். கூடத்தில் உட்கார்ந்தேன். அவர் வேலை செய்கிற மேஜை இருந்த இடத்தில் நின்றேன். குளிருக்காகத்தான் ஒரே அறையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு முழுக்கச் சூடானதும்தான் எனக்கு அந்த ஒரு அறைக்கு மேல் தேவையில்லை என்று தெரிந்தது. அன்று புழுக்கத்தில் தூக்கம் வராமல் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அவருக்கு எழுத இப்போது காரணமும் இல்லை. அடுத்த நாள் ஒரே ஒரு வரி எழுதினேன், வீட்டை விற்றுவிடலாம் என்று. சரி என்று உடனே பதில் வந்தது.

எடின்பரோவில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் வடக்கே, இன்னும் குளிர். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். நின்ற இடத்திலிருந்து எல்லாச் சுவரும் தெரியும்.

அப்பா சொன்னதைப் படித்தேன். சதாபிஷேகத்துக்கு நான் வரவில்லை. இருவரையும் இங்கிருந்தே சேவித்துக்கொள்கிறேன். உங்களுக்கு "அம்மா" என்று எழுதிப் பழகிவிட்டது. இனிமேல் அது சரிதானா என்று தெரியவில்லை. வேறு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள்.

பல்லவி

*

விஜயநகர், மைசூரு
12 மார்ச் 2025

பல்லவிக்கு,

சதாபிஷேகம் ஆயிற்று. காலையில் நல்ல குளிர். கலச தீர்த்தத்தை ஒவ்வொருவராகக் கொட்டும்போது இவர் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்கும் உடம்பு வெடவெடவென்று ஆடியது. அச்யுத் தனியாகத்தான் வந்தான். சடங்கை நடத்திவைத்த வாத்தியார் ஒரு கட்டத்தில் விளக்கை எடுத்துக்கொண்டு வர நாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டார். சத்திரம் நிறைய ஜனம். யாரும் ஏதும் சொல்வதற்குள் இவர் நனைந்த வேஷ்டியோடு, "ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டா. மேலே நடத்துங்கோ" என்றார். வாத்தியார் மேலே நடத்தினார். அச்யுத் தலையை நிமிர்த்தவில்லை. அப்போது எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதையும் உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

அவன் என் பிள்ளை. கிளம்புவதற்கு முந்தின நாள் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான், சின்னப் பையன் மாதிரி. தீபாவளிக்கு அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வரலாமா என்று கேட்டான். வா என்றுதான் சொன்னேன். அவள் வந்தால் கதவைத் திறப்பேன், காபி கொடுப்பேன். உனக்குப் பிளம்பரை அனுப்பியவளை வாசலில் நிறுத்த எனக்கு மனசு வராது. அவள் அனுப்பியிருக்காவிட்டாலும் நிறுத்தியிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. அவனை விட்டுவிட என்னால் ஆகாது. இதை நீ யார் வாயிலாகவோ கேட்கக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

என்னை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டிருந்தாய். என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவன் வழியாகத்தான் நீ எனக்கு வந்தாய். அந்த வழி மூடிவிட்ட பிறகு உன் மேல் எனக்கு என்ன பாத்தியதை என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை. இதைப் படித்துவிட்டு நீ எழுதாமல் இருந்துவிட்டால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

புது வீட்டில் ஜன்னல் இடுக்கை முதலில் பார்.

பத்மாஸினி

*

எடின்பரோ
6 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி இங்கே வந்தது. படித்ததும் கோபம் வந்தது. நிறைய வந்தது. காபி கொடுப்பேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுத வேண்டாம் என்றே இருந்தேன்.

வீடு விற்றாயிற்று. கையெழுத்துப் போடுகிற அன்று அவரும் வந்திருந்தார். இரண்டு பேரும் சீக்கிரம் கிளம்பிவிட்டோம். இங்கே ஜூலையிலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது. வேலை பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகிறேன். இரண்டு பேர் பழக்கமாகியிருக்கிறார்கள்.

கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. ஒரு நாள் பார்த்தேன், இல்லை. எல்லோரும் எனக்கு நல்லதையே சொன்னார்கள், அவர்கூட. நீங்கள் ஒருவர்தான் எனக்குப் பிடிக்காததை நேராக எழுதினீர்கள்.

என் தம்பி பெங்களூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறான். ஆகஸ்டில் அவனைப் பார்க்க வருகிறேன். விஜயநகருக்கு வர மாட்டேன். அந்த வீட்டுக்கு இனி வேறொருத்தி வருவாள், அது சரிதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கநாதரைச் சேவிக்க ஒரு சனிக்கிழமை வரலாம் என்று இருக்கிறேன். நீங்களும் வந்தால் பார்க்கலாம். வராவிட்டாலும் சேவித்துவிட்டுப் போவேன்.

வேறு வார்த்தை கிடைக்கவில்லை, அதனால் மேலே பழையதையே எழுதிவிட்டேன்.

பல்லவி

*

விஜயநகர், மைசூரு
21 ஜூலை 2025

பல்லவிக்கு ஆசீர்வாதம்.

சனிக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் நின்று பேச முடியாது. ஆகஸ்ட் இருபதாம் தேதி புதன்கிழமை வா. நான் காலை பஸ்ஸில் வந்து கோபுரத்துக்கு எதிரே பூக்கடைப் பக்கம் இருப்பேன். தளிகை பண்ணிக் கொண்டுவருகிறேன், வெளியே சாப்பிட்டுவிட்டு வராதே. சேவை ஆனதும் ஆற்றங்கரையில் உட்காரலாம்.

உன் மாமனாரிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். தானும் வருவேன் என்றார். அடுத்த தடவை என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா